தொழில் வரி அல்ல, சொத்து வரியே சுமை
தொழில் செய்வோரிடமும் சம்பளம் வாங்குவோரிடமும் மாநகராட்சி வசூலிக்கும் தொழில் வரியைக் குறைத்தால் கோவையில் சிறு தொழில்கள் பெருகி உள்ளூரில் வேலை கிடைக்கும் என்று எழுதிய ஒரு கட்டுரையாளரின் கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. ஏனெனில் அரசியலமைப்பின் 276ஆம் பிரிவின்படி ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் அந்த வரியை வசூலிக்கவே முடியாது, அதை முழுவதும் தள்ளுபடி செய்தாலும் எந்தப் பட்டறையும் புதிதாக ஓர் ஆளைச் சேர்த்துவிடாது. உண்மையான சுமை சொத்து வரிதான். 2022ஆம் ஆண்டுச் சீராய்வில் தொழிற்சாலைக் கட்டடங்களுக்கு 75 சதவீதமும் வணிகக் கட்டடங்களுக்கு 100 சதவீதமும் அது உயர்த்தப்பட்டது. கோவையின் கணபதி பகுதியில் வாடகைக் கொட்டகையில் இரண்டு லேத் (கடைசல் இயந்திரம்) போட்டு, பம்ப்செட் உதிரிபாகங்களை ஜாப் ஆர்டராக, அதாவது பிற நிறுவனங்களுக்காகக் கூலிக்கு, கடைந்து தரும் என் உறவினரிடம், கட்டட உரிமையாளர் அந்த உயர்வை அப்படியே வாடகையில் ஏற்றிவிட்டார். ஜாப் ஆர்டர் கூலியோ உயரவில்லை. இந்த வரி கட்டடத்தின் பரப்பு, இடம், பயன்பாடு ஆகியவற்றைக் கணக்கில் கொள்கிறதே தவிர, உள்ளே எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்பதைப் பார்ப்பதில்லை. ஆகவே, இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டப் பதிவேட்டில் உள்ள தொழிலாளர் எண்ணிக்கைக்கு ஏற்பச் சொத்து வரியில் கழிவு அளித்து, வாடகைதாரருக்கும் அது சென்றுசேர வழி செய்வதே பயன் தரும்; மாநகராட்சிக்கு ஏற்படும் இழப்பை மாநில அரசு மானியமாக ஈடுசெய்ய வேண்டும்.