ஒரு வில்லியை ஒழிக்க 12 புத்தகமா?

‘ஹவுஸ் ஆஃப் நைட்’ நாவல் தொடரின் ரசிகர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, இதற்குமேல் என்னால் முடியாது சாமி.

பி.சி. காஸ்ட்டும் அவர் மகள் கிறிஸ்டின் காஸ்ட்டும் 2007-ல் ஆரம்பித்த கதை, 2014-ல்தான் முடிந்தது. மொத்தம் 12 புத்தகம். அதோடு விட்டார்களா? 2017-லிருந்து ‘அதர் வேர்ல்ட்’ என்று இன்னும் நாலு. நீளத்தைப் பற்றி எனக்குப் புகாரே இல்லை. கதை நகர்ந்தால் இருபதுகூடப் படிப்பேன்.

முதல் புத்தகம் நிஜமாகவே பிரமாதம். ஓக்லஹோமாவில் டல்சா நகரம். நெற்றியில் பிறை அடையாளம் விழுந்த பிள்ளை ரத்தக்காட்டேரிகளின் பள்ளிக்குப் போயே ஆக வேண்டும். போனாலும் உயிருக்கு உத்தரவாதம் கிடையாது. ரத்தக்காட்டேரியாக மாறுவதை உடம்பு ஏற்கவில்லை என்றால் இருமி இருமி, ரத்தம் கக்கிச் சாக வேண்டியதுதான். வகுப்பில் யாராவது இருமினாலே நமக்குத் திக்கென்று இருக்கும். இரண்டாவது புத்தகத்தில் கதாநாயகி சோயியின் அறைத்தோழி ஸ்டீவி ரே அப்படித்தான் சாகிறாள். நான் அழுதுவிட்டேன். அந்தப் புத்தகம் முடிவதற்குள் ஆள் திரும்பி வந்து நிற்கிறாள்! அதன்பிறகு யார் இருமினால் எனக்கென்ன?

பள்ளியின் தலைமைப் பூசாரி நெஃபரெட் கெட்டவள் என்பதும் அதே இரண்டாவது புத்தகத்திலேயே சோயிக்குத் தெரிந்துவிடுகிறது. நெஃபரெட் அடுத்தவர் மனதைப் படிப்பவள், அதனால் சோயி நண்பர்களிடம் வாய் திறக்க முடியாது. நல்ல சிக்கல்தான், ஒத்துக்கொள்கிறேன். மூன்றாவதில் அது வெடித்து நண்பர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் சரி. அப்புறம்? அவள் ஏதாவது சதி செய்வாள், இவர்கள் மந்திர வட்டம் போடுவார்கள். கிழக்கே காற்று, தெற்கே நெருப்பு, மேற்கே நீர், வடக்கே நிலம், நடுவில் ஆன்மா. ஒவ்வொன்றையும் கூப்பிட்டு, ஒவ்வொரு மெழுகுவர்த்தியாக ஏற்றி... முதல் தடவை புல்லரித்தது. போகப் போக அந்தப் பக்கங்களைக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளப் பழகிவிட்டேன்.

காதல் கதையைப் பற்றிப் பேசவே அலுப்பாக இருக்கிறது. சோயிக்கு ஹீத், எரிக், லோரன், பிறகு ஸ்டார்க். இதில் லோரன் வயது வந்த ஆள், சோயி பள்ளி மாணவி. அவன் அவளை ஏமாற்றுகிறான், ஏச்சும் பேச்சும் கிடைப்பதோ அவளுக்கு. இது எனக்குக் கடைசிவரை செரிக்கவில்லை.

இத்தனை கூட்டத்தில் உருப்படியாக வளர்ந்தவள் அதே பள்ளி மாணவி அஃப்ரடைட்டி ஒருத்திதான். திமிர் பிடித்தவளாக உள்ளே வந்தாள். நெற்றிப் பிறையை இழந்து மறுபடி மனுஷியாகிறாள். வரப்போகும் சாவுகள் மட்டும் அவள் கண்ணில் தெரிந்துகொண்டே இருக்கின்றன. அந்த வாயும் அடங்கவில்லை. அவள் பேசும் பக்கங்களுக்காகத்தான் பாதித் தொடரை நான் இழுத்துப் பிடித்துப் படித்தேன்.

டிராகன், லெனோபியா, நெஃபரெட், கலோனா என்று தொடரின் நாலு பாத்திரங்களுக்குத் தனித்தனிக் குறுநாவல் எழுதினார்கள். அஃப்ரடைட்டிக்கு ஒன்று எழுதத் தோன்றவில்லை பாருங்கள்.