வீடியோ ஓடி முடிந்தால் சேவை முடிந்ததா?

சனிக்கிழமை முகநூலில் நடந்த சண்டையைப் பார்த்தவர்களுக்கு முன்கதை தேவையில்லை. பார்க்காதவர்கள் புண்ணியவான்கள்.

வழக்கில் மாட்டிய சிறுவர்களுக்கு இளைஞர் நீதிக் குழுமம் (18 வயதுக்குக் கீழானவர்களின் வழக்குகளை விசாரிக்கிற அமைப்பு) விதிக்கிற சமூக சேவையை ஆன்லைனிலேயே முடிக்க விட வேண்டுமாம். இருபது மணி நேர வீடியோ, நடுநடுவே நாலு கேள்வி, கடைசியில் சான்றிதழ். "பையனுக்கும் அலைச்சல் இல்லை, அதிகாரிகளுக்கும் வேலை மிச்சம்" என்று என் நண்பர் ஒருவர் பதிவு போட்டிருந்தார். நான் கேட்டது ஒன்றுதான்: சரி, இதில் சேவை யாருக்கு? அதற்குப் பதில் சொல்லாமல் எங்கள் வீட்டுப் பையன் ஒருவனை இழுத்தார்.

2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 18ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். சமூக சேவையை ஒரு அமைப்போ குறிப்பிட்ட ஒரு ஆளோ மேற்பார்வை செய்ய வேண்டும் என்கிறது. அடுத்த வருடம் அந்தச் சட்டத்துக்கு மத்திய அரசு வெளியிட்ட மாதிரி விதிகளில் (Model Rules) உதாரணங்களே இருக்கின்றன: பூங்கா பராமரிப்பு, முதியோருக்கு உதவி, மருத்துவமனை வேலை, போக்குவரத்துத் தன்னார்வலர். எல்லாம் ஆள் போய் நிற்க வேண்டிய வேலை. பையனுக்குப் புத்தி சொல்ல வேண்டுமென்றால் குழுவாக உட்கார வைத்து கவுன்சலிங் கொடுக்க அதே பிரிவில் தனி வழி இருக்கிறது. அதைச் செய்யுங்கள், யார் தடுத்தது? வீடியோ பார்ப்பதற்குச் சேவை என்று பெயர் வைக்காதீர்கள்.

2024 மே மாதம் புனேயில் கார் மோதி இரண்டு பேர் செத்த வழக்கில், சிறுவனுக்கு ஜாமீன் கொடுக்க 300 வார்த்தைக் கட்டுரை எழுதச் சொன்னார்களே, நினைவிருக்கிறதா? நாடே கொதித்தது. நம் நண்பரும் மூன்று பதிவு போட்டார். மூன்றுக்கும் நான் லைக் போட்டேன். கட்டுரை எழுதினால் போதுமா என்று கேட்ட அதே கை, இன்று வீடியோ பார்த்தால் போதும் என்று டைப் செய்கிறது. கட்டுரைக்காவது பேனாவைப் பிடிக்க வேண்டும்.

எங்கள் சொந்தத்தில் ஒரு பையன். அக்கா மகனா, தம்பி மகனா என்று தேட வேண்டாம். பெயரைச் சொல்ல அதே சட்டத்தின் 74ஆம் பிரிவு விடாது, நானும் விட மாட்டேன். இப்போது வளர்ந்துவிட்டான், அவனைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். லைசென்ஸ் இல்லாமல் பைக் ஓட்டி, ரோட்டோரம் நின்ற ஒரு அம்மாவின் மணிக்கட்டை உடைத்துவிட்டான். முதியோர் இல்லத்தில் பத்து ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யச் சொன்னார்கள். கூட்டிக்கொண்டு போனது நான்.

முதல் வாரம் தூணில் சாய்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தான். மூன்றாவது வாரம் ஒரு பெரியவருக்குக் கால் நகம் வெட்டச் சொன்னார்கள். நகவெட்டியை வாங்கி நேராக வைத்து அழுத்தினான், ஏறவே இல்லை. வயதானவர்களின் நகம் கொம்பு மாதிரி தடித்திருக்கும். "ஏலே, முதல்ல வெந்நீர்ல ஊற வைல. சதையைப் பிடுங்கிராதே" என்று அவர் அதட்டினார். பேசினில் வெந்நீர் எடுத்து வந்து, அந்தக் காலைத் தன் கையால் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து காத்திருந்தான். பத்து நிமிடம் இருக்கும். போனை எடுக்கவில்லை. அதை எந்த வீடியோவில் இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டுவீர்கள்?

உடனே வருவார்கள், தெரியும். "இரண்டு பஸ் மாறி வருகிற பையன் என்ன செய்வான்?" நியாயமான கேள்வி. பக்கத்திலேயே இடம் பாருங்கள் என்பேன். ஆனால் பக்கத்தில் என்றால் ஊரே பார்க்கும். இதற்கு என்னிடம் முழு பதில் இல்லை. உடம்பு முடியாத பிள்ளைக்கு விலக்கு கொடுங்கள். பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப் புத்தகத்தை வாசித்துப் பதிவு செய்து கொடுக்கட்டும், அதை வீட்டிலிருந்தே செய்யட்டும், ஒப்புக்கொள்கிறேன். அங்கே கேட்பதற்கு ஒரு ஆள் இருக்கிறார்.

"பிள்ளைகளை அவமானப்படுத்திப் பார்ப்பதில் உங்களுக்கு என்ன சந்தோஷம்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அவமானமா? அந்தப் பத்து வாரத்தில் அங்கே ஒருவர்கூட அவன் என்ன செய்துவிட்டு வந்தான் என்று கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டார்கள். அவமானம் எங்கே நடந்தது தெரியுமா? சொந்தக்காரர் கல்யாணத்தில். அவன் பந்தியில் உட்கார்ந்ததும் பைக் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்ட மனிதரை நான் பார்த்தேன். அப்புறம் சனிக்கிழமை, முகநூலில்.

"உங்க வீட்டுப் பையன் கதை எங்களுக்குத் தெரியாதா" என்று எழுதினீர்கள், நண்பரே. குழந்தைகளின் மானத்தைக் காக்கத்தான் ஆன்லைன் வேண்டும் என்று வாதாடிய அதே பதிவின் கீழே! பழைய தவறைத் தோண்டக் கூடாது, புதிதாகத் தொடங்க விட வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. அதையும் நீங்கள் ஆன்லைனில்தான் படித்திருப்பீர்கள் போல.

கமெண்ட்டை நீக்கிவிட்டீர்கள், பார்த்தேன். நீக்குவதற்கு முன்னாலேயே அவனும் பார்த்துவிட்டான். "விடுங்க, வேலைக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டுப் போனான். நான்தான் மூன்று நாளாகத் தூங்காமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கமெண்ட் பகுதியைத் திறந்தே வைத்திருக்கிறேன். என்னை என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள். அவனைப் பற்றி ஒரு வரி வந்தாலும் ப்ளாக்.