மறுபடி அதே எண் வந்தால் போதுமா?

ஸ்கேன் கருவிக்குள் திரைப்படம் பார்க்க வைத்து, மூளைப் பகுதிகள் எவ்வளவு சேர்ந்து இயங்குகின்றன (அதுதான் 'மூளை இணைப்பு') என்று இரண்டு முறை அளந்து போட்ட வரைபடத்தைப் பகிர்ந்த எல்லாரும் 'படம் பார்க்க வைத்து அளந்தால் மூளை இணைப்பு அப்படியே மறுபடி வருகிறது' என்று எழுதினீர்கள். நான் கேட்டது ஒரே கேள்வி: எதை எதோடு ஒப்பிட்டீர்கள்? அதற்குப் 'பொறாமை' என்று பதில். வருத்தமாகத்தான் இருந்தது. கணக்கைக் கேட்டால் பொறாமையா?

மறுபடி அளந்தால் அதே எண் வருவது வேறு. அந்த எண் அந்த ஆளைப் பற்றிச் சொல்வது வேறு.

மூளையை 400 பகுதிகளாகப் பிரித்தால் 79,800 இணைப்புகள். ஒருவரின் முதல் நாள் எண்களை மொத்தமாக இரண்டாம் நாள் எண்களோடு ஒப்பிட்டால் ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்ற அளவு) உயர்வாகத்தான் வரும். அதே முதல் நாள் எண்களை இன்னொருவரின் இரண்டாம் நாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதுவும் உயர்வாகவே வரும்! பார்வைப் பகுதிகள் தங்களுக்குள் சேர்ந்து இயங்குவது எல்லா மூளைக்கும் பொது. போதாததற்குத் திரையில் எல்லாருக்கும் அதே நொடியில் அதே முகம், அதே அலறல். பொதுவானதை எடுத்துக்காட்டி 'இது இவருடைய கைரேகை' என்றால் எப்படி ஏற்றுக்கொள்வது?

அதனால்தான் ஒவ்வோர் இணைப்புக்கும் தனியாக ஐசிசி (ICC) என்ற நம்பகத்தன்மை அளவைப் போடச் சொல்கிறோம். மொத்த மாறுபாட்டில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டின் பங்கு அது. 2019இல் வந்த தொகுப்பாய்வில் தனி இணைப்புகளின் சராசரி ஐசிசி, முழு அளவான 1க்கு 0.29தான். படம் எல்லாரையும் ஒரே மாதிரி ஆக்கிவிட்டால் அந்தப் பங்கு இன்னும் சுருங்கவும் கூடும்.

'படம் காட்டுவதே பிடிக்காதா?' என்கிறார்கள். யார் சொன்னது? சும்மா படுக்க வைத்தால் சில நிமிடங்களிலேயே பலருக்குக் கண் சொக்குகிறது. படம் விழிப்பைக் காக்கிறது, குழந்தைகளின் தலை அசைவைக் குறைக்கிறது. 2017இல் வந்த ஓர் ஆய்வில் ஓய்வுநிலையைவிட நம்பகத்தன்மை சராசரியாக 50 சதவீதம் அளவுக்குக் கூடியது. நல்ல முறைதான். அதற்காக மறுபடி வருவதெல்லாம் உண்மையாகிவிடாது.

தலை அசைவையே எடுத்துக்கொள்ளுங்கள். அசைகிறவர் அடுத்த முறையும் அசைவார். அரை மில்லிமீட்டர்கூட வேண்டாம், அதற்கும் குறைவான அசைவே அருகருகே உள்ள பகுதிகளின் ஒட்டுறவைக் கூட்டி, தூரத்து ஒட்டுறவைக் குறைத்துக் காட்டும். ஆக, அசைவும் அழகான ஐசிசி தரும்! படத்தில் இன்னொரு சிக்கல்: சிரிப்புக் காட்சியில் எல்லாரும் ஒன்றாகக் குலுங்குவார்கள். 2 நொடிக்கு ஒரு பிம்பம் வீதம் 10 நிமிடத்தில் 300 பிம்பம்; அசைந்தவை என்று 60 வெட்டினால் மிஞ்சுவது 8 நிமிடம், அதுவும் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு காட்சிகள். எல்லாருக்கும் ஒரே நீளத்துக்குக் குறைத்துக்கொண்டு ஒப்பிட்டீர்களா?

'இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதானே' என்கிறவர்களுக்கு: தெரிந்திருந்தால் வரைபடத்துக்குக் கீழே ஏன் ஒரு வரிகூட இல்லை? ஒரே மதியம் அடுத்தடுத்து இரண்டு முறை ஸ்கேன் எடுப்பதும் மூன்று வாரம் விட்டு எடுப்பதும் ஒன்றா? அதே படத்தை மறுபடி போட்டால் அடுத்து என்ன வரும் என்று தெரிந்தே பார்க்கிறார். வேறு படம் போட்டால் தூண்டலே மாறிவிடுகிறது. எதைச் செய்தீர்கள் என்று சொல்வது அவ்வளவு கஷ்டமா?

செய்ய வேண்டியது பெரிய வேலையும் இல்லை. ஒருவரை விட்டுவிட்டு மற்றவர்களின் சராசரி அலையை (நேரத்தோடு ஏறி இறங்கும் ஸ்கேன் அளவை) மூளைப் பகுதிவாரியாக எடுங்கள்; படம் எல்லாருக்கும் பொதுவாக உண்டாக்குவது அதில்தான் இருக்கிறது. அதை அந்த ஒருவருடைய அலையிலிருந்து பின்னடைவு (regression) என்ற புள்ளியியல் முறையில் நீக்குங்கள். மிச்சத்தில் இணைப்பைக் கணக்கிட்டு, நீக்குவதற்கு முன்னும் பின்னும் வந்த ஐசிசியைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

அந்த இரண்டு எண்களையும், ஸ்கேன்களுக்கு இடையே எத்தனை நாள், வெட்டியது போக ஆளுக்கு எத்தனை நிமிடம் என்பதையும் போடுங்கள். எண் தாக்குப்பிடித்தால் முதல் ஆளாக நான் பகிர்கிறேன். அதுவரை என்னைத் திட்டுவது பதில் ஆகாது.