வாடகையே இ.எம்.ஐ. கட்டிவிடுமா?

"20 சதவீதம் முன்பணம் போட்டு ஃபிளாட் வாங்குங்கள், மீதிக் கடனை வாடகைக்காரரே அடைத்துவிடுவார்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கணக்கு தவறு.

சென்னையில் 60 லட்சம் ரூபாய் ஃபிளாட், மாத வாடகை 16,000 என்று வையுங்கள். 48 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு: இ.எம்.ஐ. சுமார் 41,650. முதல் மாதத் தவணையில் வட்டி மட்டுமே 34,000. பத்திரச் செலவுக்கு வங்கி கடன் தராது, அதுவும் கைக்காசுதான்.

வாடகை முழுசாகவும் கைக்கு வராது. ஆண்டுக்கு ஒரு மாதம் வீடு காலி, பராமரிப்பு 30,000, சொத்து வரி 6,000 போனால் மிச்சம் 1,40,000. இ.எம்.ஐ.யோ ஏறக்குறைய 5 லட்சம். மீதி, மாதம் 30,000 ரூபாய், உங்கள் சம்பளத்திலிருந்துதான் போகும்.

"வாடகை ஏறுமே" என்பார்கள். ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினாலும் 16,000 ரூபாய் 41,650-ஐத் தொட 20 ஆண்டு ஆகும். அதற்குள் கடனே முடிந்துவிடும்!

வரிச்சலுகையும் பெரிதாகக் கைகொடுக்காது. பழைய வருமான வரிமுறையில் வீட்டு நஷ்டத்தை (வாடகை வருமானத்தைவிட வட்டி கூடுதலாகும் தொகையை) ஆண்டுக்கு 2 லட்சம் வரைதான் சம்பளத்தில் கழிக்கலாம். புதிய முறையில் அதுவும் இல்லை.

இந்த வாடகை உண்மையில் தாங்கும் கடன் சுமார் 13 லட்சம்.