மளிகைப் பட்டியலுக்கு எதற்குக் கடவுச்சொல்?

துவரம்பருப்பு அரைக் கிலோ, புளி கால் கிலோ என்று குறித்துவைக்க ஒரு செயலியைத் திறந்தால், முதலில் கணக்குத் தொடங்கச் சொல்கிறது. பிறகு ஓடிபி. பிறகு மாதச் சந்தா. எழுதி முடித்தாலும் விடுவதில்லை. ஒத்திசைக்கிறதாம், ஒரு வட்டம் சுழன்றுகொண்டே இருக்கிறது. கடைக்குள் சிக்னல் இல்லையென்றால் பட்டியலே திறக்காது. என்ன அநியாயம் இது!

1985-இல் விண்டோஸின் முதல் பதிப்போடு வந்த நோட்பேட் என்ற எளிய எழுதும் செயலி, திறந்தவுடன் எழுதவிட்டது. வெறும் எழுத்துக் கோப்புக்கு இணையம் வேண்டாம், சந்தா வேண்டாம். எந்தக் கணினியிலும் திறக்கும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடில் சேமித்தால் தமிழும் சிதையாது. ஒரு பக்கம் எழுதினாலும் சில கிலோபைட்தான். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதைக் கொடுக்க ஏன் இத்தனை கெடுபிடி?