மூணு வயசுலயே வேன் ஏறிடுது பிள்ளை

அரசுப் பள்ளியில பிள்ளைங்க குறைஞ்சா உடனே "வாத்தியார் சரியில்ல"ம்பாங்க. எங்க ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியைப் பார்த்தா எனக்கு அப்படித் தோணல. ஒன்னாப்புல சேருங்கன்னு நாம பேனர் பிடிச்சுத் தெருத்தெருவா போறப்ப, பிள்ளை ஏற்கெனவே கை மாறியாச்சு.

காலையில ஏழேகாலுக்கு பால் சொசைட்டிகிட்ட நின்னு பாருங்க. மஞ்சள் வேன் ஆரன் அடிக்கும். டை கட்டின பொடிசு வாயில பாதி இட்லியோட, தூக்கக் கலக்கத்துல ஏறும். எல்கேஜி! அங்கயே யுகேஜியும் முடிச்ச பிள்ளையை எந்த அப்பன் இங்க கொண்டாந்து ஒன்னாப்புல விடுவான்?

2019ல அரசாங்கமே 2,381 அங்கன்வாடியில எல்கேஜி, யுகேஜி ஆரம்பிச்சது. எல்லாம் நடுநிலைப் பள்ளி வளாகத்துல இருக்கிற மையங்கள். அஞ்சாவதோட முடியற எங்க பள்ளிக்கு ஏது? 2022ல அதையும் நிறுத்தப் போறோம்னு சொல்லி, எதிர்ப்பு வந்ததும் விட்டுட்டாங்க. இதுக்கு நடுவுல, கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில ஏழைப் பிள்ளைங்களுக்கு ஒதுக்குற 25 சதவீத இடத்துல எல்கேஜி சேர்ந்தா, அதுக்கு அரசே பணம் கட்டுது. சட்டத்தைக் குறை சொல்லல, எங்க அக்கா பொண்ணும் அதுலதான் படிக்குது.

படிப்பு மோசம்கிறதை மட்டும் ஒத்துக்க மாட்டேன். சின்ன வகுப்புப் பிள்ளைங்களுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லித் தர்ற அரசோட 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்ததுல இருந்து அரும்பு, மொட்டு, மலர்னு நிலை பிரிச்சுச் சொல்லித் தர்றாங்க. மூணாவது படிக்கிற பக்கத்து வீட்டுப் பையன் ரேஷன் கடை போர்டுல "பாமாயில் இருப்பு இல்லை"ன்னு கடகடன்னு வாசிச்சான். வேன்ல போற அவன் சேக்காளி ரைம்ஸ் அருமையா ஒப்பிக்கிறான், அந்த போர்டுகிட்ட திணறிட்டான்.

குறை இல்லாம இல்ல. 60 பிள்ளை வரைக்கும் சட்டப்படி ரெண்டே டீச்சர், வகுப்போ அஞ்சு. ஒருத்தர் பயிற்சிக்குப் போனா இன்னொருத்தர் அஞ்சையும் பார்த்துக்கிட்டு எமிஸ்ங்கிற கல்வித் துறை இணையப் பதிவுலயும் விவரம் ஏத்தணும். காலை உணவு 2023 ஆகஸ்ட்ல வந்துச்சு. வர்ற பிள்ளை வயிறு நிறையுது, பெரிய விஷயம். ஆனா வேன்ல போனது உப்புமாவுக்காகத் திரும்பாது.

அங்கன்வாடி எங்க பள்ளிக்குப் பக்கத்துச் சுவர். அங்க ஒரு டீச்சரைப் போட்டு எல்கேஜி நடத்துங்கன்னு ஆகஸ்ட் 15 கிராம சபையில தீர்மானம் கேக்கப் போறோம். பள்ளி மேலாண்மைக் குழுல இருக்கிறவங்க ஊராட்சிச் செயலர்கிட்ட இப்பவே பேசி, கூட்டப் பொருள்ல ஏத்த வைங்க. போன தடவை மாதிரி தண்ணி டேங்க் சண்டையிலயே கூட்டம் முடிஞ்சிடப் போவுது.