அறிக்கையில் பெயர் இல்லையென்றால் அவர் நடக்கவே இல்லையா?

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் 1813இல் கனடாவில், அமெரிக்கர்கள் தாக்கப்போவதை நடந்தே போய்ப் பிரிட்டிஷ் படைக்கு எச்சரித்த லாரா சீகோர்டை, "சாக்லேட் பெட்டி வீராங்கனை" என்று ஒரு நண்பர் கேலி செய்ததையும், அரங்கம் சிரித்ததையும் கேட்டவர்களுக்கு இந்தப் பதிவுக்கான காரணத்தை விளக்க வேண்டியதில்லை. போர் அறிக்கையில் அவர் பெயர் இல்லை, ஆகவே அனைத்தும் கட்டுக்கதை என்பதே நண்பரின் வாதம்.

அறிக்கையில் பெயர் இல்லை என்பது உண்மை. ஆனால் அந்த எச்சரிக்கையை அடுத்து பீவர் டாம்ஸ் என்ற இடத்தில் நடந்த போரின் வெற்றிக்குப் பெயர்பெற்ற பிரிட்டிஷ் அதிகாரி ஃபிட்ஸ்கிப்பனே 1820, 1827, 1837 ஆகிய ஆண்டுகளில், லாரா வந்து எச்சரித்ததை உறுதிப்படுத்திச் சான்றிதழ் எழுதிக் கொடுத்திருக்கிறார். 1827ஆம் ஆண்டுச் சான்றிதழ் 1959இல் வெளிச்சத்துக்கு வந்தபோதே இந்தச் சந்தேகம் அடங்கியிருக்க வேண்டும். அமெரிக்கப் படையின் பிடியிலிருந்த குவீன்ஸ்டன் ஊரில் லாராவின் குடும்பம் இருக்கும்போது, பெயரை எழுதாமல் விடுவதே அவர்களுக்குப் பாதுகாப்பு என்று அந்த அதிகாரி எண்ணியிருக்கலாம் அல்லவா?

முந்தைய அக்டோபரில் நடந்த போரில் கணவர் ஜேம்ஸ் படுகாயமடைந்து, இன்னும் தேறாமல் வீட்டில் கிடந்தார். அமெரிக்கர்களின் தாக்குதல் திட்டம் காதில் விழுந்ததும், 1813 ஜூன் 22 அன்று விடியும் முன் புறப்பட்டு, காவலர் கண்ணில் படக்கூடிய நேர்வழியைத் தவிர்த்து, செயின்ட் டேவிட்ஸ் வழியாகச் சுற்றி, காடும் சதுப்பும் கடந்து ஏறத்தாழ 32 கிலோமீட்டர் நடந்து, இருட்டிய பின், பிரிட்டிஷ் தரப்பில் இருந்த பூர்வகுடி வீரர்களின் முகாமுக்குள் நுழைந்து, தான் யாரென்று அவர்களுக்குப் புரியவைத்து, அதன் பிறகே அவர் ஃபிட்ஸ்கிப்பனைச் சந்தித்தார். மாட்டை ஓட்டிக்கொண்டு சென்றார் என்பது பிற்காலத்துச் சேர்க்கை. தாராளமாக மாட்டைத் தள்ளிவிடுங்கள். மாட்டோடு சேர்த்துப் பெண்ணையும் ஏன் தள்ளுகிறீர்கள்?

இதில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். நான் முன்பு வேலை பார்த்த குளிர்பதனக் கிடங்கில் ஒரு கசிவை முதலில் கண்டுபிடித்து, இரவோடு இரவாகச் சொல்லி அனுப்பியவள் நான். மறுநாள் அறிக்கையில் "மேற்பார்வையாளர் கண்டறிந்தார்" என்று இருந்தது. எழுதப்பட்டதுதான் வரலாறு என்பவர்கள், எழுதுகோல் யார் கையில் இருந்தது என்று ஏனோ கேட்பதே இல்லை.

"வென்றவர்கள் பூர்வகுடி வீரர்கள்தானே?" ஆம். ஜூன் 24 அன்று பீவர் டாம்ஸில் போரிட்டவர்கள் அவர்களே. தம் தரப்பில் அவர்களைத் தவிர வேறு யாரும் சுடவில்லை என்று ஃபிட்ஸ்கிப்பனே ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர்களுக்குரிய பெருமை இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை என்பதில் எனக்கு மறுப்பில்லை. அவர்களுடைய ஒற்றர்களே எதிரியின் வருகையைக் கண்டுவிட்டார்களாம், எனவே லாராவின் செய்தி தேவைப்படவில்லையாம். அவர் புறப்பட்ட விடியற்காலையில் இது யாருக்குத் தெரியும்?

"உதவித்தொகைக்காகச் சொன்ன கதை" என்று இன்னொருவர் முணுமுணுத்தார். கேட்டால் என்ன குற்றம்? பதக்கம் பெற்ற ஆண்கள் ஓய்வூதியம் வாங்கும்போது இந்தச் சந்தேகம் எவருக்கும் எழுவதில்லை. அவருடைய மனுக்கள் பயனற்றுப் போயின. கடைசியில் 1861இல், 85 வயதில், வேல்ஸ் இளவரசர் அனுப்பிய 100 பவுண்டு மட்டுமே வந்து சேர்ந்தது. 1868இல் இறந்துவிட்டார். அவர் பெயரைத் தாங்கிய சாக்லேட் நிறுவனம் தொடங்கியது 1913இல். அந்தப் பெட்டிக்கும் அவரே பொறுப்பேற்க வேண்டும் போலிருக்கிறது.

அந்த நண்பர் 1827ஆம் ஆண்டுச் சான்றிதழை ஒருமுறை படித்துவிட்டு வரட்டும். அதுவரை அவருக்குப் பதில் எழுதுவதாக இல்லை.